சேலம் 1692: ஒப்புக்கொண்டவர் பிழைத்தார், மறுத்தவர் தூக்கில் தொங்கினார்

இன்னைக்கு எபிசோடை ஒரு கணக்கோட ஆரம்பிக்கலாம்.

1692ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் காலனியில் 150 பேருக்கும் மேல் சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். அவர்களில் 50 பேருக்கும் மேல் "ஆமாம், செய்தேன்" என்று ஒப்புக்கொண்டார்கள். கடைசியில் 19 பேரைத் தூக்கில் போட்டார்கள்.

இப்ப சொல்லுங்க, தூக்குல தொங்கினது யாரு? ஒப்புக்கிட்டவங்கன்னுதானே தோணும்? கிடையாது. தூக்குக்குப் போறப்போ அந்த 19 பேருமே "நான் நிரபராதி"ன்னு சொன்னவங்க. ஒப்புக்கிட்டு, கடைசி வரைக்கும் அதுலயே நின்ன ஒருத்தர்கூட தூக்குல போடப்படலை.

பொய் சொன்னா உயிர் மிஞ்சும், உண்மை சொன்னா உயிர் போகும். ஒரு கோர்ட்டு எப்படி இந்த இடத்துக்கு வந்து நின்னுச்சு? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

சேலம்னதும் மாம்பழம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். இது அந்த சேலம் இல்லை. பாஸ்டன் நகரத்துக்கு வடக்கே, கடலோரத்துல இருக்கிற சேலம். பைபிள்ல இருந்து எடுத்த பேர். ஆனா நம்ம மெட்ராஸுக்கும் இந்தக் கதைக்கும் நிஜமாவே ஒரு தொடர்பு இருக்கு. அதுக்குப் பிறகு வரேன்.

இன்னொரு விஷயம். சினிமாவுல காட்டுற மாதிரி இங்க யாரையும் உயிரோட எரிக்கலை. ஐரோப்பாவுல பல இடங்கள்ல எரிச்சாங்க. ஆனா இங்கிலாந்துச் சட்டப்படி சூனியத்துக்குத் தண்டனை தூக்கு. காலனியிலயும் அதேதான்.

பயம் ஏற்கெனவே இருந்தது

மாசசூசெட்ஸில் குடியேறியவர்கள் பியூரிட்டன்கள். இங்கிலாந்துத் திருச்சபையில் கத்தோலிக்கச் சாயல் இன்னும் போகவில்லை, அதைச் சுத்தப்படுத்த வேண்டும் என்று சொன்ன கிறிஸ்தவர்கள். 1630களில் ஆயிரக்கணக்கில் கப்பலேறி வந்தார்கள். கடவுளுக்குப் பிடித்த மாதிரி ஒரு சமூகத்தைக் கட்டுவதுதான் நோக்கம். அவர்களுக்குச் சாத்தான் என்பது கதையில் வருகிற ஆள் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு நிஜமோ, அவ்வளவு நிஜம்.

இதைக் கேட்டு "அந்தக் காலத்து மூடநம்பிக்கை"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடாதீங்க. அந்த நம்பிக்கை அதுக்கு முன்னாடி 60 வருஷமாவே அங்க இருந்துச்சு. சூனியக் குற்றச்சாட்டும் அப்பப்போ வந்துச்சு. நிறைய கேஸ் ஆதாரம் பத்தலைன்னு தள்ளுபடி ஆச்சு. அப்போ 1692ல மட்டும் என்ன நடந்துச்சு?

மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. முதலாவது போர். வடக்கே மெய்ன் எல்லையில் பிரெஞ்சுக்காரர்களும் அவர்களோடு சேர்ந்த பூர்வகுடி மக்களும் ஆங்கிலேயர் ஊர்களைத் தாக்கிக்கொண்டிருந்தார்கள். 1692 ஜனவரியில்தான் யார்க் என்ற ஊர் தாக்கப்பட்டது. அந்தப் பக்கத்திலிருந்து தப்பி வந்த அகதிகள் சேலம் வட்டாரத்தில் இருந்தார்கள். பின்னால் குற்றம் சாட்டிய இளம்பெண்களில் சிலர், மெர்சி லூயிஸ் மாதிரி, அந்தப் போரில் அப்பா அம்மாவை இழந்தவர்கள்.

இரண்டாவது, ஆட்சியில் வெற்றிடம். காலனியின் அரச சாசனம் 1684லேயே ரத்தாகிவிட்டது. புதிய சாசனத்தோடு புதிய கவர்னர் வில்லியம் பிப்ஸ் வந்து இறங்கியது 1692 மே 14. அதுவரை ஆட்களைப் பிடித்து ஜெயிலில் போட முடிந்தது. முறையான விசாரணை நடத்தக் கோர்ட்டு இல்லை.

மூன்றாவது, ஊர்ச் சண்டை. இந்தக் கதை தொடங்குவது சேலம் நகரத்தில் இல்லை. அதை ஒட்டியிருந்த விவசாய ஊரான சேலம் வில்லேஜில். இன்றைக்கு அதன் பெயர் டேன்வர்ஸ். நிலத்தகராறு, குடும்பப் பகை எல்லாம் இருந்த ஊர். போதகர் சாமுவேல் பாரிஸுக்குச் சம்பளம் கொடுக்கலாமா வேண்டாமா என்பதிலேயே ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. 1691 கடைசியில் அவருடைய சம்பளத்துக்கான வரியை வசூலிக்க ஊர்க் கமிட்டி மறுத்தது. குளிர்காலத்துக்கு விறகுகூடச் சரியாக வரவில்லை.

போதகர் வீட்டில் இரண்டு பெண்கள்

1692 ஜனவரியில் அந்தப் போதகரின் வீட்டிலேயே பிரச்சினை தொடங்கியது. அவர் மகள் பெட்டிக்கு 9 வயது. அவர்கள் வீட்டில் வளர்ந்த உறவுக்காரப் பெண் அபிகெயில் வில்லியம்ஸுக்கு 11 வயது இருக்கலாம். இரண்டு பேருக்கும் உடம்பு முறுக்கிக்கொண்டது. அலறினார்கள். யாரோ கிள்ளுகிறார்கள், கடிக்கிறார்கள் என்றார்கள். பார்த்த மருத்துவர், இது நோய் இல்லை, கெட்ட சக்தியின் வேலை என்று சொல்லிவிட்டார். பிறகு 12 வயது ஆன் புட்னம் உட்பட வேறு சில பெண்களுக்கும் இதே மாதிரி ஆனது.

"யார் செய்தது?" என்று பெரியவர்கள் கேட்கக் கேட்க, பெயர்கள் வந்தன. முதலில் மூன்று பெயர். சாரா குட், வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போகிறவர். சாரா ஆஸ்போர்ன், சொத்துத் தகராறில் இருந்தவர், உடம்பு முடியாமல் பல மாதங்களாகச் சர்ச்சுக்குப் போகாதவர். டிட்டுபா, போதகர் வீட்டிலேயே அடிமையாக இருந்த பூர்வகுடிப் பெண்.

கவனிச்சீங்களா? மூணு பேருமே ஊர்ல ஆதரவு இல்லாதவங்க. ஏன்னு கேட்க ஆள் இல்லாதவங்க.

மார்ச் 1ஆம் தேதி மாஜிஸ்திரேட்டுகள் முன்னால் விசாரணை. சாரா குட் மறுத்தார். சாரா ஆஸ்போர்ன் மறுத்தார். டிட்டுபா முதலில் மறுத்தார், பிறகு ஒப்புக்கொண்டார். கறுப்பு உடையில் ஒரு ஆள் வந்தான், ஒரு புத்தகத்தில் குறி வைக்கச் சொன்னான், அதில் ஏற்கெனவே ஒன்பது குறிகள் இருந்தன என்றார். எஜமானர் அடித்து ஒப்புக்கொள்ள வைத்ததாக டிட்டுபா பின்னால் சொன்னார் என்று, ராபர்ட் கேலஃப் என்பவர் அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்.

ஒன்பது குறி. கைல சிக்கினது மூணு பேர். அப்போ மிச்சம் ஆறு பேர் எங்க? இந்தக் கேள்விதான் நெருப்பைப் பரப்புச்சு.

சாரா ஆஸ்போர்ன் மே மாதம் ஜெயிலிலேயே இறந்துபோனார். சாரா குட்டின் மகள் டாரத்திக்கு வயது 4 அல்லது 5. அந்தக் குழந்தையையும் பிடித்துச் சங்கிலி போட்டார்கள். மாதக்கணக்கில் ஜெயிலில் இருந்தாள். அவள் மனநிலை அதற்குப் பிறகு தேறவே இல்லை என்று அப்பா பின்னால் அரசுக்கு எழுதினார்.

தப்பிக்கவே முடியாத சாட்சியம்

மே கடைசியில் கவர்னர் பிப்ஸ் ஒரு சிறப்பு நீதிமன்றம் அமைத்தார். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு வக்கீல் கிடையாது. இந்தக் கோர்ட்டு ஏற்றுக்கொண்ட ஒரு வகைச் சாட்சியம்தான் கதையின் மையம். ஆங்கிலத்தில் ஸ்பெக்ட்ரல் எவிடென்ஸ் என்பார்கள். நாம் மாய உருவச் சாட்சியம் என்று வைத்துக்கொள்வோம்.

அது எப்படின்னா, நேத்து ராத்திரி நீங்க உங்க வீட்ல தூங்கிட்டு இருந்தீங்க. வீட்ல எல்லாரும் பார்த்தாங்க. ஆனா நான் கோர்ட்டுல வந்து, "இவரோட உருவம் என் ரூமுக்கு வந்து கழுத்தை நெரிச்சுது. என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிஞ்சுது"ன்னு சொல்றேன். நீங்க "நான் வீட்லதான் இருந்தேன், சாட்சி இருக்கு"ன்னு சொல்லலாம். பிரயோஜனம் இல்லை. ஏன்னா வந்தது நீங்க இல்லை, உங்க உருவம். உடம்பு ஒரு இடத்துல, உருவம் இன்னொரு இடத்துல.

சரி, அந்த உருவம் சாத்தானே போட்ட வேஷமா இருக்கலாமே? அன்றைக்கே இந்தக் கேள்வியைப் போதகர்கள் எழுப்பினார்கள். ஸ்டௌட்டனின் பதில் தெளிவாக இருந்தது: ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவருடைய உருவத்தைச் சாத்தான் எடுக்கக் கடவுள் விடமாட்டார். ஆகவே உருவம் தெரிந்தால், அந்த ஆள் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டவர்.

வேலிக்கு ஓணான் சாட்சின்னு சொல்லுவோம்ல? இங்க அந்த ஓணானும் ஒரே ஒருத்தர் கண்ணுக்குத்தான் தெரியுது.

இது போதாதென்று தொடுதல் சோதனையும் உண்டு. கோர்ட்டிலேயே பெண்கள் துடித்து விழுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவரை அவர்களைத் தொடச் சொல்வார்கள். துடிப்பு நின்றால், சூனியம் அவரிடமே திரும்பிவிட்டது என்று அர்த்தம். அழுதால் நடிப்பு, அழாவிட்டால் கல்நெஞ்சு. மறுத்தால் பிடிவாதம்.

ஒப்புக்கொண்டால் என்ன கிடைக்கும்?

சட்டப்படி பார்த்தால் ஒப்புக்கொண்டவரைத்தான் முதலில் தூக்கில் போட வேண்டும். ஆனால் ஒப்புக்கொண்டவர்கள் கோர்ட்டுக்குப் பயன்பட்டார்கள். "கூட யார் யார் இருந்தாங்க?" என்று கேட்டால் பெயர் சொன்னார்கள். அடுத்த கேஸில் சாட்சியாக நின்றார்கள். அதனால் அவர்களுடைய தண்டனை தள்ளிப்போனது.

ஜூன் 10ஆம் தேதி பிரிட்ஜெட் பிஷப் தூக்கிலிடப்பட்டார். அவர் மறுத்தவர். ஜூலை 19ஆம் தேதி ஐந்து பேர். எல்லாரும் மறுத்தவர்கள். இந்தக் கணக்கு ஜெயிலில் இருந்தவர்களுக்குப் புரியாமல் இருக்குமா? பக்கத்து ஊரான ஆண்டோவரில் அதற்குப் பிறகு கைதானவர்களில் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொண்டார்கள். சொந்தக்காரர்களே "ஒப்புக்கோ, உயிராவது மிஞ்சும்" என்று கெஞ்சினார்கள்.

ஒவ்வொரு ஒப்புதலும் புதுப் பெயர்களைக் கொடுக்கும். புதுப் பெயர்கள் புதுக் கைதுகளைக் கொடுக்கும். புதுக் கைதுகள் புது ஒப்புதல்களைக் கொடுக்கும். இதை வெளியில இருந்து பார்க்கிறவருக்கு என்ன தோணும்? "இத்தனை பேர் அவங்களே ஒப்புக்கிறாங்களே, அப்போ உண்மைதான் போல." கோர்ட்டே தனக்கு வேண்டிய ஆதாரத்தைத் தயாரிச்சுக்கிட்டு இருந்துச்சு.

மார்கரெட் ஜேக்கப்ஸ் என்ற இளம்பெண் பயத்தில் ஒப்புக்கொண்டு, தன் சொந்தத் தாத்தாவின் பெயரையும் சொல்லிவிட்டாள். பிறகு மனசாட்சி தாங்கவில்லை. சொன்னதெல்லாம் பொய் என்று வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றாள். தாத்தாவைக் காப்பாற்ற முடியவில்லை. ஆகஸ்ட் 19ஆம் தேதி அவரைத் தூக்கில் போட்டார்கள். அவளுடைய வழக்கு தள்ளிப்போனதால் அவள் பிழைத்தாள். சாமுவேல் வார்ட்வெல் என்பவரும் ஒப்புக்கொண்டு, பிறகு மறுத்தார். அவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. செப்டம்பர் 22ஆம் தேதி தூக்கு.

ரெபெக்கா நர்ஸ், ஜைல்ஸ் கோரி

ஆதரவு இல்லாதவர்களோடு இது நிற்கவில்லை. ரெபெக்கா நர்ஸுக்கு 71 வயது. ஊரே மதித்த, பக்தியான பாட்டி. அவருக்காக 39 பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். அந்த நேரத்தில் கையெழுத்துப் போடுவதே ஆபத்து. ஜூரி "குற்றவாளி இல்லை" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது.

உடனே பெண்கள் கோர்ட்டில் அலறினார்கள். ஸ்டௌட்டன் ஜூரியிடம், இந்த அம்மா சொன்ன ஒரு வாக்கியத்தைக் கவனித்தீர்களா என்று கேட்டார். ஒப்புக்கொண்ட இன்னொரு கைதியைப் பார்த்து, "இவள் எங்களில் ஒருத்தி" என்ற பொருளில் ரெபெக்கா பேசியிருந்தார். எங்களோடு ஜெயிலில் இருப்பவள் என்பது அவர் அர்த்தம். சூனியக்காரிகளில் ஒருத்தி என்று கோர்ட்டு எடுத்துக்கொண்டது. விளக்கம் கேட்டார்கள். காது மந்தம், மனசு முழுக்கத் துக்கம். கேள்வி அவருக்கு எட்டவே இல்லை. அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு தீர்ப்பை மாற்றினார்கள். ஜூலை 19ஆம் தேதி தூக்கு.

அவர் தங்கை மேரி ஈஸ்டியும் தப்பவில்லை. சாவுக்கு முன்னால் அவர் கோர்ட்டுக்கு ஒரு மனு எழுதினார். என் உயிரைக் கேட்கவில்லை, நான் சாகத்தான் வேண்டும் என்று தெரியும், ஆனால் இனிமேலாவது நிரபராதிகளின் ரத்தம் சிந்தாமல் பாருங்கள், ஒப்புக்கொள்கிறவர்களைத் தனித்தனியாக வைத்து விசாரியுங்கள் என்பதுதான் அதன் சாரம். எப்படி விசாரிக்கணும்னு நீதிபதிக்குக் கத்துக்கொடுத்தது தூக்குத்தண்டனைக் கைதி.

80 வயது தாண்டிய விவசாயி ஜைல்ஸ் கோரி வேறு வழி எடுத்தார். குற்றவாளியா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய முறைப்படி சொல்லவே மறுத்தார். அப்படிச் சொல்லாமல் வழக்கை நடத்த முடியாது. அவரைப் படுக்கவைத்து, மேலே பலகை போட்டு, கல் மேல் கல்லாக அடுக்கினார்கள். செப்டம்பர் 19ஆம் தேதி உயிர் போனது. கடைசி வரை அவர் பதில் சொல்லவில்லை.

19 பேரில் 14 பேர் பெண்கள், 5 பேர் ஆண்கள். ஜைல்ஸ் கோரி தனிக் கணக்கு. ஜெயிலிலேயே இறந்தவர்கள் குறைந்தது 5 பேர்.

மெட்ராஸ் கவர்னரின் சகோதரி

முதல்ல சொன்ன மெட்ராஸ் தொடர்பு இதுதான். சேலம் நகரத்தின் மூத்த போதகர் ஜான் ஹிக்கின்சன். அவருடைய மகள் ஆன் டாலிவர், கணவர் கைவிட்டதால் அப்பா வீட்டில் இருந்தவர். 1692 ஜூனில் அவரையும் சூனியக் குற்றச்சாட்டில் கைது செய்தார்கள்.

அந்தப் போதகரின் மகன் நத்தானியேல் ஹிக்கின்சன் அப்போது எங்கே இருந்தார் தெரியுமா? புனித ஜார்ஜ் கோட்டையில். கிழக்கிந்தியக் கம்பெனி 1688இல் மெட்ராஸ் மாநகராட்சியைத் தொடங்கியபோது முதல் மேயர் அவர்தான். 1692 அக்டோபரில் எலிஹு யேலுக்கு அடுத்து மெட்ராஸ் கவர்னர் ஆனார். அண்ணன் இங்க பதவி ஏறுறார். அங்க தங்கை சூனியக்காரின்னு பேர் வாங்கி நிற்கிறாங்க. ஆன் டாலிவர் உயிர் பிழைத்தார். ஆனால் பெரிய குடும்பம் என்ற பாதுகாப்பு இனி எடுபடாது என்பதை அந்தக் கைது எல்லோருக்கும் காட்டியது.

எது நிறுத்தியது?

குற்றச்சாட்டு மேலே ஏற ஏற, மேலே இருந்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது. கவர்னர் பிப்ஸின் மனைவி பெயரே அடிபட்டது. பெவர்லி ஊர்ப் போதகர் ஜான் ஹேல் முதலில் விசாரணையை ஆதரித்தவர். சொந்த மனைவிமேல் பழி வந்தபோதுதான் அவருக்கு யோசனை வந்தது.

அக்டோபரில் பாஸ்டனின் முக்கியமான போதகர் இன்க்ரீஸ் மேத்தர், மாய உருவச் சாட்சியத்தை நம்ப முடியாது என்று எழுதினார். ஒரு நிரபராதி தண்டனை பெறுவதைவிட, பத்து சந்தேக நபர்கள் தப்பிப்பது மேல் என்பது அவர் வாதம். கவனிங்க, அவர் சூனியம் பொய்னு சொல்லலை. அவருக்குச் சாத்தான்மேல முழு நம்பிக்கை உண்டு. ஆதாரம் போதாதுன்னுதான் சொன்னார்.

அக்டோபர் 29ஆம் தேதி பிப்ஸ் அந்தச் சிறப்பு நீதிமன்றத்தைக் கலைத்தார். 1693 ஜனவரியில் புதிய உயர் நீதிமன்றம் மிச்ச வழக்குகளை எடுத்தது. தலைமையில் அதே ஸ்டௌட்டன். பெரும்பாலும் அதே நீதிபதிகள். அதே ஊர், அதே மதம், அதே பயம். முக்கியமாக மாறியது சாட்சிய விதி: மாய உருவச் சாட்சியத்தை வைத்து மட்டும் தண்டிக்கக் கூடாது.

விளைவு? பலரை விசாரித்தார்கள். மூன்று பேர் மட்டும் குற்றவாளி என்று தீர்ப்பானது. அவர்களையும் கவர்னர் தூக்கிலிருந்து காப்பாற்றினார். கோபத்தில் ஸ்டௌட்டன் நீதிபதி இருக்கையை விட்டு எழுந்து போனார்.

ரை தானியத்துல வர்ற பூஞ்சைதான் இதுக்கெல்லாம் காரணம்னு ஒரு தியரி நெட்ல சுத்துது. 1976ல வந்தது. அதை வரலாற்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏத்துக்கலை. ஒருவேளை உண்மைன்னே வச்சுக்கிட்டாலும், பூஞ்சை ரொட்டி சாப்பிட்டு ஒரு பொண்ணு துடிக்கலாம். ஜூரியைத் தீர்ப்பை மாத்தச் சொன்னது பூஞ்சை இல்லை.

மன்னிப்பு

ஜெயிலில் இருந்தவர்கள் உடனே வீட்டுக்குப் போகவில்லை. சாப்பாட்டுக்கும், காலில் போட்ட விலங்குக்கும்கூட அவர்களேதான் பணம் கட்ட வேண்டும். கட்டினால்தான் விடுதலை. டிட்டுபாவுக்குப் பணம் கட்டப் பாரிஸ் மறுத்துவிட்டார். ஒரு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்த அவரை வேறு யாரோ பணம் கட்டி அழைத்துப் போனார்கள்.

1697 ஜனவரியில் நீதிபதி சாமுவேல் சூவல் பாஸ்டன் சர்ச்சில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றார். பழி என்னுடையது என்று அவர் எழுதிக் கொடுத்ததைப் போதகர் வாசித்தார். ஜூரியாக இருந்த 12 பேரும் மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். 1706இல் ஆன் புட்னம், சாத்தான் ஏமாற்றியதால் நிரபராதிகள்மேல் பழி சொன்னேன் என்று சர்ச்சில் மன்னிப்புக் கேட்டார். ஸ்டௌட்டன் கேட்கவே இல்லை.

1711இல் காலனி அரசு 22 பேர் மீதான குற்றத்தை நீக்கி, நஷ்டஈடும் கொடுத்தது. பட்டியலில் எல்லோர் பெயரும் இல்லை. விட்டுப்போனவர்களில் கடைசியாக மிஞ்சியது எலிசபெத் ஜான்சன். 22 வயதில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, தூக்கிலிருந்து தப்பியவர். ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் அவருடைய வழக்கைத் தோண்டி எடுத்து, சட்டமன்றம் வரை கொண்டுபோனார்கள். 2022இல் அவர் மீதான குற்றம் நீக்கப்பட்டது. 329 வருஷம் ஆச்சு.

இந்தக் கதையில இருந்து ஒரு கேள்வியை மட்டும் எடுத்து வச்சுக்கோங்க. யார்மேலயாவது ஒரு பழி வரும்போது, குரூப்ல ஃபார்வர்ட் ஆகி வந்தாலும் சரி, ஆபீஸ்ல காதுல விழுந்தாலும் சரி, "இது உண்மையா"ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: இந்த ஆள் நிரபராதியா இருந்தா, அதை நிரூபிக்க அவருக்கு ஏதாவது வழி இருக்கா? என்ன சொன்னாலும் அது அவருக்கு எதிராவே திரும்புதுன்னா, அங்க நடக்கிறது விசாரணை இல்லை. ரெபெக்கா பாட்டிக்கு 39 பேர் கையெழுத்துப் போட்டாங்க. அது பத்தலை. ஆனா அந்த 39 பேருக்கும் அந்தக் கேள்வி தெரிஞ்சிருந்துச்சு.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.